எண்டர் தட்டும் வரை: மெயின்பிரேமுக்குள் யூனிக்ஸும் அதன் டெர்மினல்களும்

ஒரு கணினியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பதைச் செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் தீர்மானிக்கின்றன என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். மெயின்பிரேம்களின் வரலாற்றைப் படித்தால் அந்தக் கணக்கு பாதிதான் சரி என்று தெரிகிறது. ஆள் தட்டும் எழுத்து எந்த வழியாக உள்ளே போகிறது, எப்போது போகிறது, நடுவில் யார் அதை நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்பவை மீதிப் பாதி. 1970களின் நடுவிலிருந்து ஐபிஎம் 370 வகை மெயின்பிரேம்களில், அதுவும் மெய்நிகர் இயந்திரங்களுக்குள், யூனிக்ஸை ஓடவைத்தவர்கள் இந்த மீதிப் பாதியோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார்கள் என்பது என் கருத்து. இயங்குதளத்தின் உட்கருவான கர்னலைப் புதிய செயலிக்கு மாற்றி எழுதுவது கடினமான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது. டெர்மினல் பிரச்சினையோ ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு விசைக்கும் திரும்பத் திரும்ப வந்தது.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன என்பதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பட்டாசு ஆலையை வைத்தே சொல்லிவிடலாம். மருந்து செலுத்தும் அறைகளை ஒட்டுச்சுவர் வைத்துக் கட்டுவதில்லை. ஒவ்வொன்றும் இடைவெளி விட்டுத் தனியே நிற்கும். ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை நிற்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த விதியை மீறி ஆளைத் திணித்த இடங்களில் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதைச் சிவகாசியும் சாத்தூரும் வெம்பக்கோட்டையும் அறியும். மெய்நிகர் இயந்திரமும் அத்தகைய தனி அறைதான். இருப்பது ஒரே மெயின்பிரேம். ஆனால் தனக்கென்று செயலி, நினைவகம், வட்டு எல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டு அதற்குள் பல இயந்திரங்கள் ஓடும். ஒன்று பழுதாகி விழுந்தாலும் மற்றவற்றுக்கு அது தெரியாது.

இந்த ஏற்பாடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவானது. ராபர்ட் க்ரீஸியின் குழு எழுதிய சிபி-40, மாற்றியமைக்கப்பட்ட ஒரு 360 மாடல் 40 கணினியில் 1967 ஜனவரியில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. அதை அடுத்து சிபி-67. 1972 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஐபிஎம் இதை விஎம்/370 என்ற பெயரில் அறிவித்தது. அதில் இரண்டு அடுக்குகள். அடியில் சிபி என்ற கட்டுப்பாட்டு நிரல். வன்பொருளைக் கூறுபோட்டு மெய்நிகர் இயந்திரங்களாகக் கொடுப்பது அது. மேலே சிஎம்எஸ் என்ற சிறிய இயங்குதளம். சிஎம்எஸ் ஒரே ஒரு ஆளுக்கானது. நூறு பேர் வேலை செய்ய வந்தால் நூறு மெய்நிகர் இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிஎம்எஸ். ஆளுக்கு ஓர் இயந்திரம், இயந்திரத்துக்கு ஒரு கன்சோல். எளிமையான, அழகான திட்டம்.

யூனிக்ஸின் பிறப்பு இதற்கு நேர் எதிரானது. பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய அந்த இயங்குதளம், ஓர் இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் இடமாகவே வளர்ந்தது. கணினியிலிருந்து சீரியல் கம்பிகள் கிளம்பும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு டெலிடைப் அல்லது ஒரு திரை. யார் எந்த விசையைத் தட்டினாலும் அந்தக் கணமே அது கர்னலிடம் போய்ச் சேரும். தட்டிய எழுத்து திரையில் தெரிவதுகூட, கர்னல் அதை வாங்கித் திருப்பி அனுப்புவதால்தான். யூனிக்ஸிலோ லினக்ஸிலோ கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாமல் இருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். விசை வேலை செய்யவில்லை என்று பதறிப் புதிதாக வருகிற மாணவர்கள் இரண்டு மூன்று முறை தட்டுவார்கள். கர்னல் அந்த நேரம் மட்டும் எழுத்தைத் திருப்பி அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பலர் புழங்குவதற்கென்று வளர்ந்த யூனிக்ஸை, ஒருவருக்கென்று வகுத்த மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்தால் முதல் கேள்வி இதுதான்: இரண்டாவது ஆள் எந்த வழியாக உள்ளே வருவார்? கன்சோல் ஒன்றுதான், அதில் நிர்வாகி உட்கார்ந்திருக்கிறார்.

விஎம்மிடம் இதற்கு ஒரு விடை இருந்தது. பல டெர்மினல்களை வைத்துக்கொண்டு ஓடும் மற்ற ஐபிஎம் இயங்குதளங்களையும் விஎம்முக்குள் ஏற்றவேண்டிய தேவை முன்பே இருந்ததால் வந்த விடை அது. டயல் என்ற கட்டளை. அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

யூனிக்ஸ் ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு யூனிக்ஸ் என்றே பெயர் வைத்திருப்பதாகக் கொள்வோம். நிர்வாகி விஎம் டைரக்டரியில் அந்தப் பெயருக்குக் கீழே 080 முதல் 087 வரை எட்டு 3270 டெர்மினல்கள் உண்டு என்று 'ஸ்பெஷல்' என்று தொடங்கும் எட்டு வரிகள் எழுதிவைப்பார். அல்லது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்சோலில் டிஃபைன் கட்டளை கொடுத்து அவற்றை உண்டாக்குவார். அவை எங்கும் இல்லாத டெர்மினல்கள். ஆனால் உள்ளே இருக்கும் யூனிக்ஸ் கர்னல், சாதனங்கள் இணையும் பாதையான தன் சேனலைப் பார்த்தால் எட்டுச் சாதனங்கள் வரிசையாகத் தெரியும். பிறகு நிர்வாகி யூனிக்ஸைத் துவக்கி, கன்சோலில் டிஸ்கனெக்ட் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். இயந்திரம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது வேறோர் அறையில் ஒருவர், விஎம் சின்னம் தெரியும் திரைக்கு முன்னால் உட்காருகிறார். வழக்கம்போல லாகான் என்று தட்டினால் அவருக்குச் சொந்தமாக ஒரு மெய்நிகர் இயந்திரம் கிடைத்திருக்கும். அவர் அதைத் தட்டாமல் டயல் யூனிக்ஸ் என்று தட்டி எண்டரை அழுத்துகிறார். சிபி அந்த எட்டு இல்லாத டெர்மினல்களில் காலியாக உள்ள முதல் ஒன்றைத் தேடி எடுத்து, இவருடைய நிஜ டெர்மினலை அதனோடு கோத்துவிடுகிறது. யூனிக்ஸின் 080இல் இணைக்கப்பட்டது என்று ஒரு வரி திரையில் வரும். அதற்கடுத்து வருவது யூனிக்ஸின் லாகின் கேள்வி. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்பது யூனிக்ஸ்; விஎம் அவரை யார் என்றே கேட்கவில்லை. அந்த டெர்மினலிலிருந்து இனி சிபிக்குக் கட்டளை எதுவும் கொடுக்கவும் முடியாது. ஒன்பதாவது ஆள் டயல் செய்தால் எல்லா இணைப்பும் உபயோகத்தில் இருப்பதாகப் பதில் வரும். யூனிக்ஸ் இயந்திரமே லாகான் ஆகவில்லை என்றால் அதற்குத் தனிச் செய்தி. யாராவது டெர்மினலை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், யூனிக்ஸ் கன்சோலிலிருந்து அந்த எண்ணுக்கு ரீசெட் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம்.

ஆக, வாசல் திறந்துவிட்டது. ஆனால் அந்த வாசல் வழியாக வந்த டெர்மினல் யூனிக்ஸின் பேச்சுவழக்கே தெரியாத டெர்மினல்.

ஐபிஎம் 3270 குடும்பம் 1971இல் வந்தது. பரவலாகப் புழங்கிய வடிவத்தில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், ஆக 1,920 இடங்கள். தட்டுவது, அழிப்பது, முன்னும் பின்னும் நகர்ந்து திருத்துவது எல்லாம் டெர்மினல் பக்கமே நடந்து முடியும். மெயின்பிரேமுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. எண்டரையோ பிஎஃப் விசைகளில் ஒன்றையோ அழுத்தும்போதுதான், மாறிய பகுதிகள் எல்லாம் ஒரே கட்டாக மெயின்பிரேமுக்குப் போகும். போன கையோடு விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். பதில் வந்த பிறகுதான் திறக்கும். 3274 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றில் 32 டெர்மினல்கள் வரை தொங்கவிடலாம். வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் படிவம் நிரப்பும் நூற்றுக்கணக்கான எழுத்தர்களுக்கு ஒரே மெயின்பிரேம் ஈடுகொடுத்தது இந்த ஏற்பாட்டால்தான். ஓர் எழுத்தர் படிவத்தை நிரப்ப இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், அந்த இரண்டு நிமிடமும் மெயின்பிரேம் வேறு வேலை பார்க்கும். மிக நல்ல பொறியியல் அது. யூனிக்ஸ்காரர்கள் பலர் 3270ஐ ஏளனமாகப் பேசியிருக்கிறார்கள்; அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் யூனிக்ஸுக்கு அது ஒத்துவரவில்லை என்பது உண்மை. வீஐ தொகுப்பியில் ஜே விசையைத் தட்டினால் கர்சர் ஒரு வரி கீழே இறங்க வேண்டும். 3270இல் ஜே என்ற எழுத்து திரையில் விழுந்து கிடக்கும். எண்டர் தட்டும் வரை கர்னலுக்குச் சேதியே போகாது. ஓடும் நிரலை நிறுத்தக் கன்ட்ரோல் சி அழுத்த வேண்டும். அந்த விசையே அங்கே இல்லை. அதோடு எழுத்துக் குறியீடும் வேறு. யூனிக்ஸ் வளர்ந்தது ஆஸ்கியில். ஐபிஎம் மெயின்பிரேமும் 3270ம் பேசியது எப்சிடிக். சி மொழியில் அணிகளுக்குச் சதுர அடைப்புக்குறி இல்லாமல் கை ஓடாது. எப்சிடிக்கில் அந்த இரண்டு குறிகளுக்கும் எல்லா இடத்திலும் ஒரே எண் கிடையாது. ஓர் அலுவலகத்தில் சரியாகத் தெரிந்த நிரல் அடுத்த அலுவலகத்தின் திரையில் வேறு குறிகளோடு தெரிந்தது. இந்தத் தொல்லை மெயின்பிரேம் உலகத்தில் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

அப்படியானால் 3270ஐ விட்டுவிட்டு, யூனிக்ஸுக்குப் பழக்கமான ஆஸ்கி டெர்மினல்களையே மெயின்பிரேமில் மாட்டினால் என்ன? மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு விசைக்கும் ஒரு குறுக்கீடு மெயின்பிரேமைத் தட்டி எழுப்பும். சிறு கணினியில் அதற்கான செலவு குறைவு. விஎம்மின் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். குறுக்கீடு முதலில் சிபியிடம் வருகிறது. அது எந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு உரியது என்று சிபி கண்டுபிடிக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு முறை வரும்போது, அதற்கே குறுக்கீடு நிகழ்ந்ததுபோல நடித்துக் காட்ட வேண்டும். யூனிக்ஸ் கர்னல் எழுத்தை வாங்கி, அதைத் திரைக்குத் திருப்பி அனுப்ப உள்ளீட்டு வெளியீட்டு ஆணை ஒன்றை விடுக்கிறது. அந்த ஆணை சிறப்புரிமை பெற்றது. மெய்நிகர் இயந்திரம் அதை நேரடியாக இயக்க முடியாது. மீண்டும் சிபி இடையில் புகுந்து, யூனிக்ஸ் தந்த சேனல் நிரலை எடுத்து, அதிலுள்ள முகவரிகளை நிஜ முகவரிகளாக மாற்றி எழுதி, நிஜச் சாதனத்துக்கு அனுப்புகிறது. அது முடிந்ததும் இன்னொரு குறுக்கீடு. பிறகு அதையும் நடித்துக் காட்ட வேண்டும். திரையில் ஒரே ஒரு எழுத்து தெரிவதற்கு இவ்வளவும். ஐம்பது பேர் வேகமாகத் தட்டினால் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய செயலி எழுத்தை எதிரொலிப்பதிலேயே தேய்ந்துவிடும்.

இந்தச் சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அவிழ்த்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாம் லயன் உள்ளிட்ட மாணவர்கள் 1970களின் நடுவில் யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை விஎம்/370இன் கீழ் ஓடும்படி மாற்றினார்கள். ஐபிஎம்மிலிருந்து 1970இல் வெளியேறிய ஜீன் ஆம்டால், ஐபிஎம்முக்குப் போட்டியாக அதே வகை மெயின்பிரேம்களைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். லயன் அங்கே சேர்ந்தார். அங்கே வளர்ந்து 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த யூனிக்ஸ்தான் யூடிஎஸ். முதலில் அது விஎம்மின் விருந்தாளியாகத்தான் ஓடியது. பெல் ஆய்வகம் வேறு வழியில் போனது. 5ஈஎஸ்எஸ் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கான பெரும் மென்பொருளை எழுதப் பெரும் குழு தேவைப்பட்டது. அந்தக் குழுவைத் தாங்கச் சிறு கணினிகளால் ஆகவில்லை. அவர்கள் ஐபிஎம்மின் டிஎஸ்எஸ்/370 என்ற இயங்குதளத்தை அடித்தளமாக்கி அதன்மேல் யூனிக்ஸை வைத்தார்கள். டெர்மினல்களை மெயின்பிரேமில் மாட்டாமல், நடுவில் தங்கள் 3பி20 வகைச் சிறு கணினிகளை நிறுத்தினார்கள். விசைகளை வாங்குவதும் எதிரொலிப்பதும் அந்தச் சிறு கணினிகளின் பாடு. மெயின்பிரேமுக்குப் போவது முடிந்த வேலை மட்டும். பின்னால் ஐபிஎம்மும் தன் ஐஎக்ஸ்/370 யூனிக்ஸுக்கு சீரீஸ்/1 சிறு கணினியை முன்னால் நிறுத்தி அதே வழியில்தான் நடந்தது.

பெல் ஆய்வகமும் ஐபிஎம்மும் தனித்தனியே முயன்றும் வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனிதன் தட்டுவதை வாங்கிக்கொள்ள மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கணினி வேண்டும். 3270 செய்ததும் அதைத்தான், தன் வழியில்.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு மிக அருகில் வந்த இடம் சென்னை ஐஐடி. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. கான்பூர் ஐஐடியிலிருந்து வந்த பேராசிரியர் எச். என். மகாபாலா கணினி மையத்தையும் கணினிப் படிப்பையும் கட்டியெழுப்பினார். அந்தக் காலத்து மாணவர்கள் நிரலை 80 பத்தித் துளை அட்டைகளில் அடித்து, கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு, அச்சான தாள் வரக் காத்திருந்தார்கள். ஒரு காற்புள்ளி பிசகியிருந்தால் அட்டையைத் திருத்தி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த மாடலில் ஒரு தொழில்நுட்ப நுணுக்கம் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அது முக்கியம். 155ம் அதன் அண்ணனான 165ம் 1970இல் அறிவிக்கப்பட்டபோது, மெய்நிகர் நினைவகத்துக்குத் தேவையான முகவரி மாற்றும் வன்பொருள் அவற்றில் இல்லை. அது இல்லாமல் விஎம்/370 ஓடாது. 1972 ஆகஸ்டில் அந்த வன்பொருளோடு 158, 168 என்ற புதிய மாடல்களை ஐபிஎம் கொண்டுவந்தபோது, பழைய மாடலை வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். 155க்கு அந்தப் பெட்டியைத் தனியே வாங்க 2 லட்சம் டாலர் கேட்டார்கள். ஒரு பெட்டி வித்தியாசத்தில் ஒரு மெயின்பிரேம் ஒரே ஓர் இயந்திரமாக நிற்கும், அல்லது நூறு இயந்திரங்களாக விரியும்.

பிறகு அரசியல் குறுக்கிட்டது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. ஐபிஎம் மறுத்து 1978இல் வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற பொதுத்துறை நிறுவனத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஆம்டாலும் பெல்லும் மெயின்பிரேமுக்குள் யூனிக்ஸை நுழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே இருந்த மெயின்பிரேம்களுக்கு உதிரிபாகம் தேடிக்கொண்டிருந்தோம். நம்மவர்களுக்குத் திறமை இருந்தது. கைவைத்துப் பார்க்க இயந்திரம் இல்லை. இந்தியக் கணினி வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற பகுதி இதுதான்.

இதனால் யூனிக்ஸ் நம் ஊர்களுக்கு வேறு வாசல் வழியாக வந்தது. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை தந்தது. எச்சிஎல், விப்ரோ போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் மோட்டரோலா, இன்டெல் சில்லுகளை வைத்து யூனிக்ஸ் இயந்திரங்கள் செய்து விற்றன. வங்கிக் கிளையின் பின்னறையில் ஒரு பெட்டி. அதில் மல்டிபோர்ட் கார்டு. அதிலிருந்து கவுன்டர்களுக்கு ஓடும் சீரியல் கம்பிகள். கம்பி முனையில் பச்சை எழுத்துத் திரை. டம் டெர்மினல் என்பார்கள். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே போய் வந்தாலும் குறையில்லை, ஏனென்றால் நடுவில் சிபியும் இல்லை, சேனல் நிரலும் இல்லை. பெல் ஆய்வகம் மெயின்பிரேமுக்கு முன்னால் நிறுத்திய சிறு கணினி இங்கே தனியாகவே நின்று முழு வேலையும் பார்த்தது. ரூபாய் கணக்கில் பார்த்தால் நமக்குப் பொருத்தமான ஏற்பாடு அதுவே.

அரசுத் துறையிலும் இதே வடிவம்தான். தேசியத் தகவலியல் மையம் 1980களின் இறுதியில் டெல்லியில் என்இசி எஸ்-1000 என்ற ஜப்பானிய மெயின்பிரேமை வைத்து, மாவட்டத் தலைநகரங்களைச் சிறு செயற்கைக்கோள் ஆன்டெனாக்கள் மூலம் அதனோடு இணைத்தது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராசர் மாவட்டம் என்ற பெயரில் உருவான எங்கள் விருதுநகர் மாவட்டமும் அந்த வலைக்குள் வந்தது. சூலக்கரையை ஒட்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் பட்டா மாற்றவும் சான்றிதழ் வாங்கவும் வருகிறவர்களுக்கு மெயின்பிரேம் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் எங்கோ இருக்கும் பெரிய இயந்திரம், பக்கத்தில் இருக்கும் சிறிய இயந்திரம், இரண்டுக்கும் நடுவே எதை எப்போது அனுப்புவது என்ற தீர்மானம் ஆகிய மூன்றும் அவர்கள் நிற்கும் வரிசையின் நீளத்தை அன்றும் தீர்மானித்தன, இன்றும் தீர்மானிக்கின்றன. சர்வர் டவுன் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மெயின்பிரேமும் யூனிக்ஸும் மறுபடி சேர்ந்தது லினக்ஸின் உருவத்தில். ஜெர்மனியின் பேப்லிங்கனில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தார், எஸ்/390 மெயின்பிரேமில் லினக்ஸை ஓடவைக்கும் நிரலை 1999 டிசம்பரில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே டேவிட் போய்ஸ் என்ற பொறியாளர் ஒரே மெயின்பிரேமில், விஎம்மின் கீழ், 41,400 லினக்ஸ் பிரதிகளை ஓட்டிக் காட்டினார். அந்த எண்ணைக் கேட்டு உலகம் வாய்பிளந்தது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது வேறு: அந்த 41,400 லினக்ஸ்களுக்கும் தனித்தனியே ஒரு கன்சோல் இருந்திருக்கும், அந்தக் கன்சோல் 1970களின் அதே பழைய கன்சோல்தான்.

இன்றைய இசட்/விஎம்மில் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் அன்றாட வேலைக்கு வலைப்பிணைப்பு வழியாக எஸ்எஸ்எச்சில் நுழைந்துவிடுகிறார்கள். அங்கே டயல் வேண்டாம், 3270 வேண்டாம். ஆனால் வலைப்பிணைப்பு அறுந்த நாளில் கன்சோல்தான் கதி. அங்கே போனால் பழைய உலகம் அப்படியே இருக்கிறது. வரிக்கு வரி நகரும் 3215 வகைக் கன்சோல். திரையின் கீழ் மூலையில் விஎம் ரீட், ரன்னிங், மோர், ஹோல்டிங் என்று நிலைமைச் சொற்கள். திரை நிறைந்துவிட்டால் மோர் என்று வந்து நிற்கும். சிறிது நேரம் கழித்துத்தான் அடுத்த பக்கம் ஓடும். தெரியாமல் எண்டர் தட்டி ஹோல்டிங்கில் விட்டுவிட்டால், கன்சோலுக்கு எழுத முடியாமல் லினக்ஸ் அப்படியே காத்து நிற்கும். கணினி செத்துவிட்டது என்று பதறுவார்கள். கன்ட்ரோல் சி அனுப்ப அங்கே வழியில்லாததால், தொப்பிக் குறியையும் சி எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எண்டர் அழுத்த வேண்டும். லினக்ஸின் இயக்கி அதைக் கன்ட்ரோல் சி என்று புரிந்துகொள்ளும். வீஐ அங்கே ஓடாது. வரித் தொகுப்பியான ஈடியிடம்தான் தஞ்சமடைய வேண்டும். இந்த நெருக்கடிக்காகவே பின்னால் விஎம்முக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வலைப்பிணைப்பு இல்லாமல் நுழையும் டெர்மினல்களை லினக்ஸ் கர்னலில் சேர்த்தார்கள். ஒரு லினக்ஸுக்கு எட்டு வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் எழுத்தும் உடனுக்குடன் போய் வரும், வீஐயும் ஓடும்.

இவற்றை ஏன் சூலக்கரையில் உட்கார்ந்து எழுத வேண்டும்? சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் வெளிநாட்டு வங்கிகளின் மெயின்பிரேம்களைப் பராமரிக்கும் வேலை தலைமுறை தாண்டி நடக்கிறது. அந்த வேலைக்குப் போகிறவர்களில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில்தான் அவர்கள் 3270 திரையை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். எண்டர் தட்டும் வரை இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி. கல்லூரியில் இயங்குதளப் பாடத்தில் மெய்நிகர் இயந்திரம் பற்றி ஓர் அத்தியாயம் படித்திருப்பார்கள். அதன் மூலத்தை இயக்கிப் பார்த்தவர்கள் அரிது.

இயக்கிப் பார்க்கத் தடை எதுவும் இல்லை. ரோஜர் பவ்லர் தொடங்கி 1999இல் வெளியான ஹெர்குலிஸ் என்ற மென்பொருள், 370 முதல் இன்றைய இசட் வரையிலான மெயின்பிரேம் கட்டமைப்பைச் சாதாரணக் கணினியில் உருவாக்கித் தருகிறது. விஎம்/370இன் ஆறாம் வெளியீடு காப்புரிமைச் சிக்கல் இல்லாமல் இலவசமாகக் கிடைக்கிறது. 3270 டெர்மினலுக்கு எக்ஸ்3270 போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. என் மேசையில் இருக்கும் பழைய மடிக்கணினிக்கு இவை பாரமாகவே இல்லை. விஎம்முக்குள் இன்னொரு விஎம்மை விருந்தாளியாக ஏற்றி, அதற்கு நான்கு மெய்நிகர் டெர்மினல்களை வரையறுத்து, வேறு சன்னல்களிலிருந்து டயல் செய்து நுழையலாம். ஐந்தாவது சன்னலில் டயல் செய்தால் இணைப்பு இல்லை என்று அது மறுக்கும் விதத்தைக் கண்ணால் பார்க்கலாம். எஸ்/390க்கான லினக்ஸை நேரடியாக ஹெர்குலிஸில் ஏற்றி, பல 3270 டெர்மினல்களை அதனோடு இணைத்து, யூனிக்ஸும் 3270ம் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை ஒரே மாலையில் உணர்ந்துவிடலாம்.

சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், விருதுநகர் பக்கம் காமராஜ் பொறியியல் கல்லூரி, வெள்ளைச்சாமி நாடார் பாலிடெக்னிக் என்று ஆய்வகங்கள் உள்ள இடங்கள் எங்களைச் சுற்றியே இருக்கின்றன. இயங்குதளப் பாடத்துக்கு ஒதுக்கும் செய்முறை வகுப்புகளில் இரண்டை இதற்குக் கொடுங்கள் என்று அங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1973இல் சென்னை ஐஐடியில் அப்படி ஓர் இயந்திரம் இருந்தது, அதை அட்டைக் கட்டோடு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அணுக முடிந்தது. அதன் வாரிசை இன்று ஒவ்வொரு மாணவரும் தன் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். செலவு எதுவும் இல்லை. வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.